பூட்டு உடைக்காத கடை

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் தூத்துக்குடிக் கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீடியோ கேம் பெட்டிகளை விற்று, பழுதும் பார்க்கும் மாஸ்டர் ஜெசிந்தா. ரயில்வேயில் ஓய்வு பெற்று, ஐம்பத்தொன்பது வயதில் அவரிடம் தொழில் கற்க வந்த வில்வநாதன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணி. அவர் மனைவி செல்வராணி.

ஐந்தாவது ஆள் ஆறு மணிக்கு வர வேண்டியவர். பெட்டிகளை அனுப்பும் ஏஜென்சியின் ஹபிபுல்லா. இருப்பைப் பார்த்துவிட்டு, புது மாடல் இந்தக் கடைக்கா, எதிர்க்கடைக்கா என்று அவர்தான் சொல்வார். புது மாடல் இல்லாத கேம் கடைக்கு யார் வருவார்கள்? வில்வநாதன் காலையிலிருந்தே மேல்தட்டில் விற்காமல் இருந்த பதினேழு பெட்டிகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தார்.

“காப்பி கேம் ஓடாம கம்பெனி பெட்டிக்குள்ள போட்டிருக்கிற பூட்டை உடைச்சுத் தருவீங்களா?” என்றார் அந்தோணி. “எதிர்க்கடையில தர்றாங்க. இருநூறு கேம் உள்ளேயே இருக்கு. டிஸ்க்கே வாங்க வேண்டாம்.”

“இங்க தர்றதில்ல,” என்றார் மாஸ்டர்.

“ஒரு கேமையே உங்களால முடிக்க முடியல. இருநூறு எதுக்கு?” என்றாள் செல்வராணி.

அந்தோணி எதிர்க்கடைக்கு நடந்தார். அவளும் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள்.

வில்வநாதனால் பொறுக்க முடியவில்லை.

“மாஸ்டர், பூட்டை உடைச்சா பெட்டி கூட விக்குமா, குறைய விக்குமா?”

“கூடத்தான் விக்கும்.”

“உடைக்கிற வேலையை நீங்களே எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கீங்க.”

“பூட்டு உடைஞ்சு வர்ற பெட்டியைச் சரி பண்ணத்தான் சார் சொல்லிக் கொடுத்தேன். எதிர்க்கடை வாசல்ல நின்னு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. முன்னாடி வாங்கினவங்க யாராவது திரும்பி வர்றாங்களான்னு பாருங்க.”

வில்வநாதன் ஒரு மணி நேரம் கழித்து வந்தார்.

“புது ஆளுங்க ஒன்பது பேர். பழைய ஆள் ஒரே ஒருத்தர். இன்டர்நெட்ல மாட்டினதும் கம்பெனி முடக்கி, பெட்டி செத்துப்போச்சுன்னு சண்டை.”

மாஸ்டர் தலையசைத்துவிட்டு, கையில் இருந்த சாலிடரிங் வேலையைத் தொடர்ந்தார்.

ஆறு மணிக்கு ஹபிபுல்லா வந்தார். பெட்டிகள் இருந்த மேல்தட்டைப் பார்க்கவே இல்லை. நேராக டிஸ்க் அலமாரிக்குப் போனார். அவர் அனுப்பியதெல்லாம் விற்று அது காலி.

“எதிர்க்கடையில பெட்டி எல்லாம் போயிடுச்சு. நான் அனுப்பின டிஸ்க் நூத்திநாப்பதும் உறை பிரிக்காம தூங்குது,” என்றார். “கம்பெனிக்கு லாபமே டிஸ்க்லதான். டிஸ்க் போகாத இடத்துக்குக் கம்பெனி அடுத்த பெட்டி அனுப்பாது. புது மாடல் உங்களுக்குத்தான் அக்கா.”

அவர் போன பிறகுதான் வில்வநாதனுக்கு மூச்சு வந்தது.

“அவர் டிஸ்க்கைத்தான் எண்ணுவார்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது.”

வில்வநாதன் திடுக்கிட்டார். “பெட்டியை எண்ணியிருந்தா?”

மாஸ்டர் நிமிர்ந்து மேல்தட்டைப் பார்த்தார்.

“அவர் எதை எண்ணினாலும் அங்க மீதி இதே பதினேழுதான் சார்.”