காந்தளிடம் பாம்பு கொடுத்துவைத்த விஷம்

சத்தியம்! எல்லைச்சாமி மேல் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றால் என் மீசையில் மிச்சமிருக்கிற முடியும் இங்கேயே உதிரட்டும்.

அந்தக் காலத்தில், செடிகொடியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, காந்தள் பச்சைப் பூ பூத்து வேலியோரம் தரையில் படர்ந்து கிடந்தது. மண்ணுக்குள் அதன் கிழங்கு கரும்பாய் இனிக்கும். அதுதான் வினை. முள்ளம்பன்றி தோண்டித் தோண்டித் தின்றதில், காந்தள் குலத்திலேயே இந்த ஒன்றுதான் மிச்சம்.

ஒருநாள் நல்லபாம்பு ஒரு நத்தைக்கூட்டைக் கவ்விக்கொண்டு வந்தது.

"தங்கச்சி, கீரி வீட்டுல கல்யாணம். வெத்தலை பாக்கு வைக்கும்போதே, விஷத்தைக் கழட்டி வெச்சிட்டு வான்னு சொல்லிட்டாங்க. புத்துல வெச்சா எலி உருட்டிடும். கொஞ்சம் பாத்துக்கோ."

"கீரி வீட்டுக்கா? அங்கே நீங்க விருந்தாளியா அண்ணே, விருந்தா?"

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வாயைக் கழுவு!" என்று சீறிவிட்டுப் பாம்பு போயிற்று.

அதன் வால் மறைந்ததுதான் தாமதம், முள்ளைச் சலசலத்துக்கொண்டு முள்ளம்பன்றி வந்து நின்றது.

"மாமா, என்னோடயே எங்க குலம் முடிஞ்சிடும். விதை விழுற வரைக்குமாவது விட்டுடுங்களேன்."

"அதுவரைக்கும் என் வயிறு கேக்கணுமே, மருமகளே," என்று மண்ணைப் பறித்தது முள்ளம்பன்றி.

காந்தள் நத்தைக்கூட்டைப் பார்த்தது. அடுத்தவர் பொருள். நம்பிக் கொடுத்த பொருள். அதற்குள் கிழங்கில் பல் பட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு விஷத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

அப்பப்பா, என்ன எரிச்சல்! விஷம் கிழங்குக்கு இறங்க, பச்சைப் பூ மஞ்சளாகி, மஞ்சள் நெருப்பாய்ச் சிவந்தது. தலை தொங்கிற்று. இதழெல்லாம் சுடரைப் போல மேல்நோக்கி விறைத்தன. விழுந்துவிடாமலிருக்க இலை நுனியைச் சுருட்டி வேலியைப் பிடித்துக்கொண்டது. கடித்த முள்ளம்பன்றியோ நுரை தள்ளிக்கொண்டு ஓடியது.

விருந்துண்ட வயிற்றோடு பாம்பு திரும்பியது.

"எங்கேடி என் பொருள்?"

"குடிச்சிட்டேன் அண்ணே. உசுருக்கு வேற வழி தெரியலே."

"அடிப்பாவி! இனி மண்புழுகூட என்னை மதிக்குமா? விஷம் மறுபடி ஊறட்டும். உன்னைக் கண்ட இடத்திலே கொத்தறேன்!"

அன்று முதல்தான் காந்தள் கோடையெல்லாம் மண்ணுக்குள் கிழங்காய்ப் பதுங்கிக் கிடக்கிறது. மழையில் புற்று கரைந்து, பாம்பு வேறு வீடு தேடி அலைகிற நேரம் பார்த்து, வேலியைப் பற்றி ஏறிக் கார்த்திகையில் பூக்கிறது. அதன் கிழங்கை யாரும் வாயில் வைப்பதில்லை.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். எங்கள் கொல்லையில் ஒரு புற்று இருக்கிறது.