குள்ளர் சந்தையில் மூடி கிடைக்காது

உறையூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், ஆறு பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து இல்லாத ஓர் உலகத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். "எதிர்ல ஒரு குகை. உள்ள இருந்து புகை வருது. என்ன செய்றீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷத்தில் இருப்பார்கள். ஒருத்தி மந்திரக்காரி, ஒருவன் திருடன், ஒருவர் கோடரி வைத்திருக்கும் குள்ளர். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். பகடை உருளும். அது காட்டுகிறபடி கதை நகரும். கதை சொல்பவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

மாஸ்டரின் பெயர் நிலோஃபர். முப்பது வயது, மருந்துக் கடையில் வேலை. கோடரி வைத்திருந்த குள்ளர் இளவழகன். நாற்பத்தெட்டு வயது, ஆறடி உயரம். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வாரம் முழுக்க யாராவது வந்து சமையலறையை அந்தப் பக்கம் தள்ளு, பாத்ரூமை இந்தப் பக்கம் தள்ளு என்று அவர் உயிரை எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் அவர் சிரித்த முகத்தோடு வீடு திரும்புவதாக அவர் மனைவி தவமணி அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகடைகளை டப்பாவில் போட்டு மூடிய பிறகு நிலோஃபர் சொன்னாள்.

"எனக்கு தோஹால வேலை கிடைச்சிருக்கு. இந்த மாசத்தோட சரி."

திருடன் வேஷம் போடும் ரெக்ஸ் கேட்டான்.

"அப்ப விளையாட்டு?"

"உங்கள்ல யாராவது மாஸ்டரா உக்காருங்க. இல்லேன்னா இழுத்து மூட வேண்டியதுதான்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இளவழகன் கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் தூக்கியது தன் கை என்று அவருக்கே உறைத்தது.

நிலோஃபர் அவர் பக்கம் திரும்பினாள். "கதை அடுத்தது மலைக்குள்ள இருக்கிற குள்ளர் சந்தைக்குப் போகுது சார். அந்தச் சந்தையை நீங்க பண்ணிக் கொண்டு வாங்க. பார்ப்போம்."

அடுத்த வாரம் மற்றவர்கள் வருவதற்கு முன்பே இளவழகன் வந்துவிட்டார். கொண்டு வந்த தாளைத் தரையில் விரித்தார். பாதி அறையை அது பிடித்துக்கொண்டது. மலையைக் குடைந்து மூன்று அடுக்காகச் சந்தை. நடுவில் சுழன்று இறங்கும் படிக்கட்டு. கொல்லர் தெரு, ரத்தினத் தெரு, பாத்திரத் தெரு. குள்ளர்களின் உயரத்துக்குத் தக்க வாசற்படிகள்.

நிலோஃபர் மண்டியிட்டுப் பார்த்தாள்.

"மலைக்குள்ள காத்து எப்படி வருது?"

"இந்தக் குழாய் வழியா மாஸ்டர். உலைப் புகை அந்தப் பக்கமா போயிடும்."

"தண்ணி?"

"மேல இருந்து ஊத்து. இப்படி வந்து, இப்படிச் சுத்தி, கீழ வடிஞ்சிரும். ஒரு சொட்டு தேங்காது."

"ரொம்ப அழகா இருக்கு சார்."

இளவழகனுக்குக் காது வரை சிரிப்பு வந்தது.

"இதுல நான் எங்க வழி தப்புவேன்?" என்று கேட்டாள்.

"தப்பவே முடியாது மாஸ்டர். முக்குக்கு முக்கு போர்டு வச்சிருக்கேன்."

நிலோஃபர் தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தாள். "இன்னொரு தடவை பாருங்க."

என்ன பார்ப்பது என்று அவள் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இளவழகன் அதை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே போனார். பிளானில் பிழை இருந்தால் எங்கே என்று விரல் வைத்துக் காட்ட வேண்டியதுதானே? காசு கொடுக்கிற பார்ட்டிகூட அதைச் செய்வானே.

பிளானில் குறை இல்லை, ஆட்கள்தான் குறை என்று அவராகவே முடிவு செய்தார். ஒவ்வொரு கடைக்கும் ஒரு குள்ளரை உட்கார்த்தினார். அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், எந்தச் சுரங்கத்திலிருந்து வந்த குடும்பம், தாடியின் நிறம், எந்தச் சாமான் என்ன விலை எல்லாம் எழுதினார். ஆபீஸில் இரண்டு வீட்டு பிளான்கள் தூங்கின. ஒரு பார்ட்டி நேராக வீட்டுக்கே வந்து திட்டிவிட்டுப் போனான்.

"இல்லாத ஊர்ல இல்லாத கடைக்கு இல்லாத ஆளோட தாத்தா பேரை எழுதுறீங்க. நம்ம வீட்டு கேஸ் புக் பண்ணியாச்சா?" என்றாள் தவமணி.

அவர் கேஸ் புக் பண்ணவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நிலோஃபர் அவர் எழுதியதை ஒரு பக்கம் விடாமல் படித்தாள். அதுவரை இளவழகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்து முடித்துவிட்டு அவள் சொன்னாள்.

"சார், கீழ போய் எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வாங்களேன்."

அவர் போனார். வருவதற்கு வெகு நேரம் ஆயிற்று.

"என்ன சார் நடந்துச்சு?"

"டீ வாங்கினேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அதுக்கா இவ்வளவு நேரம்?"

"அதை ஏன் கேக்கறீங்க. டீ போடறவருக்கும் பால்காரருக்கும் தகராறு. பால் தண்ணியா இருக்குன்னு இவர் சொல்றார், உன் டீத்தூளைப் பத்தி நான் ஊர்ல சொல்லட்டுமான்னு அவர் கேக்கறார். நடுவுல ஒரு அம்மா, என் பன்னைக் குடுத்துட்டு அடிச்சுக்கங்கடான்னு கத்துது. ஒரே இம்சை. சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். குள்ளருங்க விலைவாசி எப்படி மாஸ்டர்?"

நிலோஃபர் கண்ணை மூடித் திறந்தாள். "டீயைக் குடுங்க சார்."

அவர் எழுதியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் டீயைக் குடித்தாள். இளவழகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது வாரம் விளையாடியே பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னார். வட்டத்தில் மாஸ்டரின் இடத்தில் உட்கார்ந்தார். நிலோஃபர் ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

இளவழகன் சந்தையைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் அடுக்கைச் சொன்னார். படிக்கட்டைச் சொன்னார். காற்றுக் குழாயைச் சொன்னார். மந்திரக்காரி வேஷம் போடும் தேன்மொழி கொட்டாவியை விழுங்கினாள்.

"இங்க கயிறு கிடைக்குமா?" என்று ரெக்ஸ் கேட்டான்.

"கிடைக்கும். ரெண்டு வெள்ளி."

"வாங்கிக்கறேன். வெளிய போற வழி எது?"

"போர்டு இருக்கு."

"போர்டைப் பார்த்து வெளிய போறோம்."

அவர் கொட்டிய உழைப்பெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்துபோயிற்று. பதற்றத்தில் இளவழகன் சந்தைக்குள் ஒரு டிராகனை இறக்கினார். பகடைகள் உருண்டன. டிராகன் செத்தது. அவர்கள் மறுபடியும் போர்டைப் பார்த்து வெளியே போனார்கள்.

"டிராகன் நல்லா இருந்துச்சு சார்" என்றாள் தேன்மொழி, பாவம் பார்த்து.

அந்தப் பாவம்தான் இளவழகனுக்குத் தாங்கவில்லை. அன்று அவர் வீட்டுக்கு வந்தபோது முகத்தைப் பார்த்த தவமணி ஒன்றும் கேட்காமல் தட்டை எடுத்து வைத்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. நிலோஃபருக்குப் புதன்கிழமை விமானம். இன்னும் பெட்டி கட்டவில்லை. அவள் அம்மா போன் மேல் போன் போட்டு, ஊறுகாய் டப்பாவைச் சுற்ற பிளாஸ்டிக் கவர் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே தலைவலி; மருந்துக் கடையில் வேலை பார்த்தும் ஒரு மாத்திரை எடுத்து வர அவள் மறந்துபோயிருந்தாள். அந்த நிலையில் இளவழகன் மாடியேறி வந்தார். சுருட்டிய தாளை அவள் முன்னால் போட்டார்.

"வேற யாரையாவது பாருங்க மாஸ்டர். எனக்கு இது வராது."

"ஏன் சார்?"

"ஏனா? என்ன தப்புன்னு ஒரு தடவையாவது சொன்னீங்களா? வழி தப்பணுங்கறீங்க, டீ வாங்கிட்டு வாங்கறீங்க. இங்க நான் பிளானைப் போட்டுகிட்டு பைத்தியக்காரன் மாதிரி நிக்கறேன். இதைச் சொல்லிக் குடுக்கறதுன்னா சொல்வாங்க?"

ரெக்ஸும் தேன்மொழியும் அப்போதுதான் படியேறி வந்தார்கள். அவர் குரலைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

நிலோஃபர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "சரி சார். விட்டுடலாம். போறதுக்கு முன்னாடி ஒரு சாமான் மட்டும் வாங்கிக்கறேன்." தாளை விரித்து அதில் ஒரு கட்டத்தின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தோளைக் குறுக்கி, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டாள். "யாருப்பா கடைல? பாத்திரக் கடை திறந்திருக்கா இல்லையா?"

இளவழகன் கிளம்பத் திரும்பினார்.

"காது கேக்காதவனையா உக்கார வச்சிருக்காங்க? ஏய் தாடி!"

"திறந்திருக்கு" என்றார் அவர் வேண்டாவெறுப்பாக.

"என் சட்டிக்கு ஒரு மூடி வேணும்."

அவர் எழுதி வைத்ததில் சட்டி இருந்தது, அண்டா இருந்தது, கரண்டி இருந்தது. மூடி இல்லை.

"மூடி தனியா கிடையாது. சட்டியோட சேர்த்துத்தான்."

"என்கிட்டதான் சட்டி இருக்கே."

"அப்ப மூடி கிடையாது."

"பின்ன அங்க தொங்குதே, அது என்ன? வவ்வாலா?"

"அது அந்தச் சட்டியோட மூடி."

"அதைக் குடு."

"அதைக் குடுத்துட்டா இந்தச் சட்டிய எவன் வாங்குவான்?"

"அதே கஷ்டம்தான் எனக்கும். மூடி இல்லாத சட்டிய வச்சுகிட்டு நான் என்ன பண்றது? குழம்புல கரி விழுது. உங்க மலைல எங்க பார்த்தாலும் புகை."

"புகையா?" இளவழகனுக்குச் சுருக்கென்றது. "புகை போகத்தான் தனியா குழாய் வச்சிருக்கே!"

"வச்சவன் வந்து என் குழம்பைக் குடிச்சுப் பார்க்கட்டும்."

"இந்தாம்மா, வாங்கறதா இருந்தா சட்டியோட வாங்கு. இல்லேன்னா இடத்தைக் காலி பண்ணு. பின்னால ஆள் நிக்குது."

"நிக்கட்டும். எதிர்க் கடைல மூடி தனியா தர்றானாமே?"

"தருவான், தருவான். அப்படித் தனித்தனியா வித்துத்தான் ஒரு கடை நிறைய மூடியில்லாத சட்டியா அடுக்கி வச்சிருக்கான். எங்கப்பா கடை அது! நானும் அவனும் சேர்ந்து நடத்தினது. மூடிய விக்காதடா, மூடிய விக்காதடான்னு தலைபாடா அடிச்சுகிட்டேன். கேட்டானா? அன்னியோட அவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

இதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவர் யோசிக்கவும் இல்லை. அதற்குள் வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாருடா அது, கடைக்கு முன்னால நின்னு என் மானத்தை வாங்கறது?"

ரெக்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டு, இல்லாத தாடியைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தான்.

"வந்துட்டாரு பாருங்க, மூடி வியாபாரி!" என்றார் இளவழகன்.

"அண்ணே, நான் மூடிய வித்தேன். நீ என்ன பண்ணினே? அப்பாவோட சுத்தியல எடுத்து ஒளிச்சு வச்சுகிட்டே. அதைச் சொல்லு இந்த அம்மாகிட்ட!"

"ஒளிச்சு வச்சேனா? அவர் என் கைல குடுத்தார்!"

"யார் பார்த்தா?"

"நான் பார்த்தேன்" என்று தேன்மொழி ஒரு கிழட்டுக் குரலில் சொல்லிக்கொண்டே வந்து நடுவில் உட்கார்ந்தாள். "ரெண்டு பேருக்கும் குடுக்கலை. என்கிட்ட அடகு வச்சார். வாங்க, வந்து மீட்டுகிட்டுப் போங்க. அப்படியே என் கடை வாசல்ல நீங்க சண்டை போடுறதையும் நிறுத்துங்க."

மற்ற இருவரும் வந்து சேர்ந்தார்கள். என்ன நடக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஒருவன் சந்தைக் காவலனாகி எல்லோரையும் கலைந்து போகச் சொன்னான். இன்னொருத்தி பின்னால் வரிசையில் நின்றுகொண்டு, எனக்கு ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி என்று கத்தினாள். காவலனுக்குத் தம்பி லஞ்சமாக மூடி கொடுக்கப் பார்த்தான். அண்ணன் எழுந்து நின்று கையை ஓங்கினார். டியூஷன் சென்டர்காரர் கீழேயிருந்து ஏறி வந்து எட்டிப் பார்த்து, அடிதடி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் இறங்கிப் போனார்.

நிலோஃபரின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. மூடிக்காக நீட்டிய கையை மடக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டபோதுதான் இளவழகன் குனிந்து பார்த்தார். அவர் தாளின் மேலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் காலுக்குக் கீழே ரத்தினத் தெரு கசங்கிக் கிடந்தது. பாத்திரக் கடைக்கு எதிரில் அவர் வரைந்திருந்தது சுவர்.

சண்டை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்க, அவர் மெல்லக் குனிந்து நிலோஃபரிடம் கேட்டார்.

"மாஸ்டர், பிளான்படி எதிர்ல கடையே இல்லையே. இப்ப என்ன பண்றது?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாருப்பா மாஸ்டர்? நான் சட்டிக்கு மூடி வாங்க வந்தவ. குடுப்பியா, மாட்டியா?"