‘ஆகா’ என்றால் நாடு கடத்தல்

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை உக்கிரசேகரன் என்றொரு அரசன் ஆண்டுவந்தான். கெட்டவன் இல்லை. காலையில் போட்ட சட்டத்தை மாலையில் மறந்துவிடுவான். அவன் மறக்காத சட்டங்கள்தான் மக்களுக்கு ஆபத்து.

ஒருமுறை அதிரசத்தை அளவில்லாமல் தின்று அவனுக்கு வயிறு கெட்டது. வெறுங்கஞ்சிதான் என்று சொல்லிவிட்டார் வைத்தியர். நேரம் பார்த்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் வைராக்கியநாதர். அரசனுக்கு நல்வழி சொல்லச் சம்பளம் வாங்குகிறவர். அமைச்சர் மருதனாரைக் கண்டால் இவருக்கு வயிற்றெரிச்சல். மருதனார் வெறும் மோரைக்கூட “ஆகா!” என்று ரசித்துக் குடிப்பார், அதைப் பார்த்து அரசன் வாய்விட்டுச் சிரிப்பான்.

“அரசே, நாக்கு ருசித்தால் மனசு கடவுளை மறந்துபோகும். இனி யாரும் எதையும் ரசிக்கக்கூடாது. ‘ஆகா’ என்றவனை நாடு கடத்துங்கள்!” என்றார் வைராக்கியநாதர்.

தனக்கில்லாத அதிரசம் ஊரில் எவனுக்கு எதற்கு என்று அரசனுக்கும் பட்டது. அன்றே முரசு அறைந்தார்கள்.

மருதனார் உஷாராக வாயை மூடிக்கொண்டார். மாட்டிக்கொண்டவள் பணியாரம் விற்கும் நாகாயி. பகலெல்லாம் அடுப்படியில் வெந்தவள், சாயங்காலம் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, மிஞ்சிய பணியாரத்தைத் துவையலில் தொட்டு வாயில் போட்டாள். காற்று வேறு சிலுசிலுவென்று வந்தது. “ஆகா, என் சாமி!” என்றாள். காவலர்கள் அரசவைக்கு இழுத்துவந்தார்கள்.

“சொன்னாயா?” என்றான் அரசன்.

“சொன்னேன் மகாராசா. சாமி காத்தை அனுப்புச்சு. சும்மா வாங்கிக்க மனசு வரல. ஒரு வார்த்தை சொன்னேன்.”

“செய்ததும் இல்லாமல் சாமி மேலேயே பழியா!” என்று துள்ளினார் வைராக்கியநாதர்.

“நாளை என் பிறந்தநாள் விருந்து முடிந்ததும் இவளை எல்லைக்கு வெளியே விடுங்கள்” என்றான் அரசன்.

“என் ஆறும் அடுப்பும் இங்கதான மகாராசா இருக்கு, நான் எங்க போவேன்?” என்று அழுதாள் நாகாயி. மருதனார் அவளுக்காகப் பேச வாயெடுத்தார். ஆனால் வாதாடினால் அரசன் வீம்புக்கு நிற்பான் என்று அவருக்குத் தெரியும். பேசாமல் இருந்துவிட்டார்.

அரசன் தன் கையால் வளர்த்த மாமரம் ஒன்று அரண்மனையில் இருந்தது. பிறந்தநாள்தோறும் அதன் பழங்களைச் சபையோருக்குத் தானே கொடுத்து, தின்பவர் முகத்தையே ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பான். மறுநாள் விருந்துக்கு முன் மருதனார் ஒவ்வொருவர் காதிலும் ஓதினார்: “சட்டம் நினைவிருக்கட்டும். முகம் மலர்ந்தாலும் நாடு கடத்தல்தான்.”

எல்லோரும் கஷாயம் குடிப்பதுபோல் பழம் தின்றார்கள்.

“எப்படி இருக்கிறது படைத்தலைவரே?”

“மென்றேன் அரசே. விழுங்கினேன்.”

“இனிப்பு?”

“கவனிக்கவில்லை அரசே. கவனித்தால் குற்றமாயிற்றே.”

மருதனாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினார். அரசன் முகம் கறுத்தது. “வைராக்கியநாதரே, நீராவது சொல்லும்!”

அவர் பழத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். புகழ்ந்தால் நாடு கடத்தல், புகழாவிட்டால் அரசன் கோபம். “பழம்… இருக்கிறது, அரசே.”

அரசன் எழுந்துவிட்டான். “பாவிகளா! நானே தண்ணீர் ஊற்றி, அணில் விரட்டி, உங்களுக்கென்று பறித்துவந்தேன். கொடுத்தவன் கண்ணெதிரே இப்படியா மூஞ்சியை வைத்துக்கொண்டு தின்பது? இதைவிட அவமானம் எனக்கு வேறு உண்டா?”

மருதனார் மூக்கிலிருந்து கையை எடுத்தார். “ஒரே ஒரு மரம் வளர்த்த உங்களுக்கே இப்படி வலிக்கிறது, அரசே. ஆற்றையும் காற்றையும் பசியையும் நாக்கையும் கொடுத்தவனுக்கு எப்படி இருக்கும்? இந்த நாட்டில் ஒருத்திதான் அவனுக்கு மரியாதை செய்தாள். அவளைத்தான் இன்று துரத்துகிறோம்.”

அரசன் மறுபடி உட்கார்ந்தான். பிறகு ஒரு பழத்தை எடுத்துக் கடித்தான். சாறு முழங்கைவரை ஒழுகியது. “ஆகா!” என்றான். சபையே “ஆகா!” என்றது. சட்டம் அங்கேயே செத்தது.

மருதனார் கழுத்தில் அரசனின் முத்துமாலை ஏறியது. நாகாயிக்கு அரண்மனை வாசலிலேயே கடை கிடைத்தது.

“நான் அப்போதே நினைத்தேன் அரசே…” என்று ஆரம்பித்தார் வைராக்கியநாதர்.

“நீர் தினமும் நாகாயி கடையில் ஒரு பணியாரம் தின்று மனசார ‘ஆகா’ சொல்ல வேண்டும். மனசார வந்ததா என்று அவள்தான் தீர்ப்புச் சொல்வாள். ‘வந்தது’ என்று அவள் சொல்லும்வரை சபைப் பக்கம் வராதீர்” என்றான் அரசன்.

மறுநாள் விடிந்ததுமே வைராக்கியநாதர் கடைக்கு ஓடினார். பணியாரத்தை வாயில் திணித்துக்கொண்டு தெருவே கேட்கும்படி “ஆகா!” என்றார்.

நாகாயி குழியில் மாவு ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“இன்னும் மெல்லவே இல்லியே ஐயா. நாளைக்கு வாங்க.”