ஏழாவது ஸ்லைடு

டாக்டர் சற்குணம் தோல் வைத்தியத்தில் ஊரறிந்த கை. ஐம்பத்தாறு வயதில் திசுக்களுக்குச் சாயமேற்றக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று ஆய்வகத்துக்கு வந்தார். கற்றுக்கொடுத்தவள் டெக்னீஷியன் ஜெபசெல்வி. அவருடைய மகளைவிட இரண்டு வயது இளையவள்.

அன்று காலையிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. சுயம்பு என்ற நோயாளியின் தோலிலிருந்து எடுத்து அவரே சாயமேற்றிய ஆறு சீவல்களிலும் பழுப்பு நிறம் பிடித்திருந்தது. உடம்பின் காவல் படையை உசுப்பிவிடும் ஒரு புரதம் அங்கே மண்டிக் கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதை அடக்க ஊசி உண்டு. ஆனால் சுயம்புவுக்கு முன்பு காசநோய் வந்து போயிருந்தது. ஊசி போட்டால் அது மறுபடி தலைதூக்கலாம். புரதம் இருப்பது உறுதியானால் மட்டுமே துணியலாம். டாக்டர் துணிந்துவிட்டார். மறுநாள் காலை ஊசி என்று வார்டுக்குச் சொல்லியும் ஆயிற்று.

"ஆறும் ஆமாங்குது. இன்னும் எத்தனை பார்த்தா நம்பலாம்மா?"

ஜெபசெல்வி மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். "சீவல் மிச்சம் இருக்கா டாக்டர்?"

"ஒண்ணே ஒண்ணு."

"குடுங்க. நீங்க செஞ்ச மாதிரியே செய்றேன்."

சீவலில் ஒட்டியிருந்த மெழுகைக் கரைத்தாள், கழுவினாள். புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியை விடும் கட்டம் வந்தது. அது ஒட்டிய இடம் மட்டுமே பின்னால் பழுப்பாகவேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு குப்பியை எடுத்து இரண்டு சொட்டு விட்டாள். டாக்டர் டீ குடிக்கப் போனார். மத்தியானம் சாயமும் ஏற்றி முடித்து அவரைக் கூப்பிட்டாள்.

"ஏழும்!" சின்னப் பிள்ளைபோல் அவர் குரல் எழும்பியது. "அடர்த்தியா வந்திருக்கு பாருங்க. இனி யாரு என்ன சொல்லுவா?"

அவள் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள். லேபிளைப் படித்தார். வெறும் உப்புக்கரைசல்.

"ஆன்டிபாடி?"

"விடல டாக்டர்."

"பின்ன எப்படிப் பழுப்பாச்சு?"

"தோல்ல இருக்க ரத்த அணுவே அந்த நிறத்தை வரவைக்கும். முதல்ல பெராக்சைடு விட்டு அதை அடக்கணும். அவசரத்துல நீங்க அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போயிட்டீங்க. ஆன்டிபாடி விடாத ஸ்லைடு ஒண்ணு கூடவே வச்சிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்."

"சீவல் கொஞ்சந்தான் இருந்துது. வீணாக்க வேண்டாம்னு…"

சொல்லி முடிக்கவில்லை. போனை எடுத்து வார்டுக்குப் பேசினார். "சிஸ்டர், சுயம்புக்கு நாளைக்கு ஊசி வேண்டாம்."

போனை வைத்ததும் அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது. ஸ்லைடுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ அந்த ஆறும் பொய்யா?"

"அது தெரியாது டாக்டர். கேக்காமலே ஆமாங்கிற ஆள்கிட்ட, கேட்டு என்ன தெரிஞ்சுக்க முடியும்?"