மூன்று கைகளுக்கு ஒரு யானை

ஓர் ஊரில் நர்சுகள் தங்கும் விடுதி ஒன்று இருந்தது. அதன் மூன்றாம் மாடியில் ஒரு பிரம்பு மேசை இருந்தது. அந்த மேசையின்மேல் ஒரு நாடு இருந்தது.

நாடு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். ஓர் அட்டைப் பலகை, அதில் கட்டம் கட்டமாக வயலும் காடும் குளமும். மேற்கே தலைநகர், கிழக்கே எதிரியின் கோட்டை, நடுவில் ஓர் ஆறு. அவ்வளவுதான். ஆனால் அதில் வாழ்ந்த மரக்காய்களுக்கு அதுதான் உலகம். கொம்பன் என்ற யானைக்கு அந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தின்மீதுதான் கண். அவனுடைய தங்கை செம்பி கோட்டைக்குள் சிறைப்பட்டிருந்தாள்.

எதிரிக்கு ஆள் கிடையாது. ஒரு சீட்டுக்கட்டுதான் எதிரி. நம் பக்கத்து முறை ஒவ்வொன்றும் முடிந்ததும் மேலே இருக்கும் சீட்டைப் புரட்ட வேண்டும். அதில் எழுதியிருப்பதை எதிரி செய்வான். செம்பியை அவன் பிடித்துக்கொண்டு போனதும் அப்படித்தான். கட்டுக்குள் எங்கோ மழைச் சீட்டு ஒன்றும் கிடந்தது. கோட்டையைப் பிடிப்பதற்குள் அது வந்துவிட்டால் ஆறு பெருகும், ஆட்டம் தோற்கும். தோற்றால் சிறையிலிருக்கும் காய் அடுத்த ஆட்டத்தில் எதிரியின் காயாகிவிடும்.

அதாவது அடுத்த தடவை பெட்டியைத் திறக்கும்போது செம்பி எதிர்ப்பக்கம் நிற்பாள். அண்ணனை முட்டச் சொல்வார்கள், அவளும் முட்டித்தான் ஆக வேண்டும். இதை நினைத்தாலே கொம்பனுக்குத் தந்தம் கூசும்.

கோட்டைக்குப் போக இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஆற்றைக் கடக்க மரக்கட்டைகளால் பாலம் கட்ட வேண்டும். கோட்டைக் கதவை முட்ட யானைக்குத் தெம்பு வேண்டும். ஒரு முறை குளக்கரையில் ஓய்வெடுத்தால் ஒரு தெம்பு சேரும். தெம்பைக் காட்டும் வில்லைகள் எந்தக் காலத்திலோ தொலைந்துவிட்டதால் விடுதிச் சமையலறையிலிருந்து புளியங்கொட்டை வந்தது.

இந்த நாட்டை மூன்று பேர் ஆண்டார்கள். மூவருக்கும் மூன்று ஷிப்ட். ஆகவே மூவரும் ஒன்றாக மேசையில் உட்கார்ந்ததே இல்லை. நூர்ஜகான் இரவு டியூட்டி முடித்துக் காலையில் வந்து ஆடுவாள். தாமரைச்செல்வி மதியம் டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஆடுவாள். காலை டியூட்டிக்காரி ஜெசிந்தா பிற்பகலில் வந்து ஆடுவாள். மேசையோரம் மருந்து அளக்கும் சின்னப் பிளாஸ்டிக் கப் ஒன்று இருக்கும். அதன் கோடு போட்ட பக்கம் யாருடைய நாற்காலியைப் பார்க்கிறதோ, அவருடைய முறை. ஆடி முடித்தவர் கப்பை அடுத்தவர் பக்கம் திருப்பிவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பொறுப்பைக் கைமாற்றாமல் ஒரு நர்ஸ் வார்டை விட்டு நகர மாட்டாள். வாங்காமல் இன்னொருத்தி தொடவும் மாட்டாள். அதே சட்டம்தான் இங்கேயும்.

காய்கள் மூவரையும் கைகளால்தான் அறியும். கொம்பனுக்குப் பிடித்தது ஜெசிந்தாவின் கை. வேகமான கை. வந்தவுடன் அவனைத் தூக்கி ஆற்றங்கரையில் வைத்துவிடும். செம்பியின் முகம் தெரியும் தூரம். அவன் நெஞ்சு நிறைந்துபோகும்.

மறுநாள் காலை நூர்ஜகானின் கை வரும். மெதுவான கை, சோப்பு வாசனை அடிக்கும் கை. "ஐயோ, பிள்ளை களைச்சுப் போச்சே" என்று சொல்லி அவனைக் குளக்கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து, பக்கத்தில் ஒரு புளியங்கொட்டையையும் வைக்கும். மதியம் தாமரையின் கை வந்து அவனைக் காட்டுக்கு ஓட்டும். முதுகில் ஒரு கட்டையை ஏற்றும். பிற்பகலில் ஜெசிந்தா மறுபடி ஆற்றங்கரையில் விடுவாள். அப்போது கட்டை இறங்கும், பாலம் ஒரு கட்டை நீளும். பாலம் நீள்வது ஜெசிந்தாவின் சாமர்த்தியம் என்பது கொம்பனின் முடிவு.

"ஒரு கை முன்னால தள்ளுது, ரெண்டு கை பின்னால இழுக்குது. இப்படி இருந்தா நான் எப்போ போய்ச் சேர்றது?" என்று அவன் ஒருநாள் பொருமினான்.

அவன் பக்கத்தில் நின்ற மாட்டுவண்டி வாயாடி. "முதுகுல கட்டை எப்படி ஏறுச்சுன்னு யோசிச்சியா? ஜெசிந்தா காட்டுப் பக்கமே வந்ததில்லையே" என்றது.

"கட்டை பாரம். பாரம் ஏத்துறவங்க எல்லாம் எனக்கு வேண்டியவங்களா?"

"அந்தப் புளியங்கொட்டை?"

"அதுவும் பாரம்தான்."

"உன்கிட்ட பேசுறதுக்கு என் சக்கரத்துகிட்ட பேசலாம். சுத்திச் சுத்தியாவது வரும்" என்றது வண்டி.

சீட்டுக்கட்டு நாளுக்கு நாள் இளைத்தது. கொம்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் பிற்பகல் ஜெசிந்தா வழக்கம்போல் அவனை ஆற்றங்கரையில் வைத்துவிட்டுப் போனாள். அப்போதுதான் அவன் ஒரு திட்டம் போட்டான். மரக்காய்க்குத் தானாக நடக்க வராது. ஆனால் சாய வரும். மற்ற இரண்டு கைகளும் வரும் நேரத்தில் ஒளிந்துகொண்டால், ஜெசிந்தா வந்து தேடி எடுத்து நேரே முன்னால் விடுவாள் அல்லவா?

"கொம்பா, கிறுக்குத்தனம் பண்ணாதே" என்று மருந்துக் கப் எச்சரித்தது. அதற்கு எப்போதும் கொஞ்சம் அதிகாரத் தோரணை உண்டு. "நான் இப்போ நூர்ஜகான் நாற்காலியைப் பார்த்து நிக்கிறேன். அவ ஆடாம நான் திரும்ப மாட்டேன்."

"நீ திரும்பாட்டி என்ன? ஜெசிந்தாவுக்குக் கை இல்லையா?" என்றான் கொம்பன். உடம்பை ஆட்டி ஆட்டிப் பலகையின் ஓரத்துக்கு உருண்டு, தரையில் விழுந்து, பிரம்பு நாற்காலியின் காலுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். யானை என்று பெயர், கட்டைவிரல் அளவுதான் உயரம். யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

காலையில் நூர்ஜகான் வந்தாள். யானையைக் காணோம். யாரோ விளையாட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள், எடுத்தவர்களே திருப்பி வைத்ததும் ஆடலாம் என்று தூங்கப் போய்விட்டாள். மதியம் தாமரை வந்தாள். கப் நூர்ஜகான் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. தன் முறை இல்லை என்று போய்விட்டாள். பிற்பகலில் ஜெசிந்தா ஓடிவந்தாள். அவள் கப்பைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"நூருக்கா இன்னும் ஆடலையா? சரி, நாளைக்குப் பாப்போம்."

அவளும் போய்விட்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஒருத்திக்காக ஒருத்தி காத்திருந்தாள். யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கொடுமை. மேசைமேல் தூசி படிந்தது. குதிரைகள் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றன. வண்டிகூட வாயைத் திறக்கவில்லை. கொம்பன் நாற்காலிக் காலடியில் கிடந்து மேசையின் அடிப்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஆறும் தெரியவில்லை, தங்கையும் தெரியவில்லை. செய்தது தப்பு என்று அவனுக்கு உறைத்தது. ஆனால் விழத் தெரிந்தவனுக்கு எழத் தெரியவில்லை.

வார்டன் வந்து மேசையைப் பார்த்தார். "இதை யாரும் ஆடுற மாதிரி தெரியலையே. நாளைக்கு விசேஷத்துக்கு மேசை வேணும். பெட்டியில போட்டுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியில் போட்டால் தோற்ற மாதிரிதான். கொம்பனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. மரத் தொண்டை. கத்தினால் மனிதர்களுக்குக் கேட்காது.

மறுநாள் காலை, வார்டன் பக்கத்தில் நின்று பார்க்க, பெட்டியில் போடும் வேலை நூர்ஜகானிடம் வந்தது. அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வயிற்றைத் தைத்து மூடுவதற்கு முன் கத்தி, கத்தரி, பஞ்சு என்று எடுத்ததையெல்லாம் எண்ண வேண்டும். எண்ணிக்கை சரியாக வராமல் எந்தப் பெரிய டாக்டர் சொன்னாலும் மூட விடமாட்டாள். அவள் பெட்டியைத் திறந்து காய்களை எண்ணினாள். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் குறைந்தது.

"கவுன்ட் சரியா வரலை. பெட்டியை மூட முடியாது" என்றாள்.

"ஒரு மரத்துண்டுதானேம்மா" என்றார் வார்டன்.

"மரத்துண்டா இருந்தா என்ன மேடம், உள்ள இருக்கணும்ல."

இரவெல்லாம் நின்ற கால்களை மடக்கித் தரையில் உட்கார்ந்தாள். சோபாவுக்கு அடியில் பார்த்தாள். மிதியடியை உதறினாள். கடைசியில் செல்போன் வெளிச்சத்தை அடித்தபடி கவிழ்ந்து படுத்து, நாற்காலிக் காலுக்குப் பின்னால் கைவிட்டாள். கொம்பனின் முதுகில் அந்தச் சோப்பு வாசனை பட்டது. எந்தக் கையைக் கண்டு ஒளிந்தானோ அந்தக் கைக்குள் அவன் பொத்தென்று அடங்கினான். வெட்கமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

"இங்கேயா கிடந்தே? எத்தனை நாளா கிடக்கிறேன்னு சொல்லக்கூடாதா?" என்று அவனைத் துப்பட்டாவால் துடைத்தாள். பிறகு வார்டனைப் பார்த்துச் சிரித்தாள். "மேடம், விசேஷத்துக்குப் பக்கத்து ரூம்ல ஒரு மேசை இருக்கு, அதை இழுத்துத் தர்றேன். நாங்க ஆடிக்கிட்டுதான் இருக்கோம்."

காய்களை அதனதன் இடத்தில் வைத்தாள். கொம்பனைக் குளக்கரையில் விட்டுப் புளியங்கொட்டை வைத்தாள். கப்பைத் திருப்பினாள். கப் ஒரு செருமல் செருமிக்கொண்டு, "அடுத்து தாமரை" என்றது. நாடு மூச்சுவிட்டது.

மதியம் தாமரை கட்டை ஏற்றினாள். இந்தத் தடவை கொம்பன் முதுகை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தான். பிற்பகலில் ஜெசிந்தா ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனாள். கட்டை இறங்கியது. பாலம் மறுகரையைத் தொட்டது. அதோடு நிற்காமல் அவள் அவனைப் பாலத்தின் மேலேயே விரட்டி, கோட்டைக் கதவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அவளுடைய முறை முடிந்தது. சீட்டைப் புரட்டினாள். எதிரி கோட்டையில் விளக்கேற்றினான், அவ்வளவுதான்.

சீட்டுக்கட்டில் ஒரே ஒரு சீட்டு மிச்சம் இருந்தது. மழைச் சீட்டு இதுவரை வரவில்லை. ஆகவே அது என்ன சீட்டு என்று எல்லோருக்கும் தெரியும்.

"அடுத்து நூர்ஜகான்" என்றது கப். அதன் குரலில் அன்றைக்குத் தோரணை இல்லை.

வண்டி மெல்லக் கேட்டது. "நூர்ஜகான் உன்னைக் குளத்துக்கு இழுத்துட்டா?"

"இழுத்தா போறேன்" என்றான் கொம்பன். சொன்னானே தவிர, கண்ணைக் கோட்டைக் கதவிலிருந்து எடுக்கவில்லை.

காலையில் நூர்ஜகான் கண்கள் சிவந்து வந்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். வழக்கம்போல் கை நீண்டது. வழக்கம்போல் கொம்பனைத் தூக்கியது. வழக்கம்போல் குளத்துப் பக்கம் திரும்பியது. காய்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டன.

பாதி வழியில் கை நின்றது. அவள் குனிந்து புளியங்கொட்டைகளை எண்ணினாள். எண்ணாமல் எதையும் செய்யாதவள் அல்லவா? எண்ணி முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"போதும்டா ராசா. உனக்கு இன்னிக்கு டிஸ்சார்ஜ்" என்றாள்.

கொம்பனைக் கொண்டுபோய்க் கோட்டைக் கதவில் ஒரே முட்டாக முட்டவைத்தாள். இத்தனை நாள் பாரம் என்று திட்டிய அத்தனை கொட்டையும் அவன் கால்களுக்குள் தெம்பாக இறங்கியது. கதவு பொடிப்பொடியானது. அவள் சீட்டைப் புரட்டினாள். மழை கொட்டியது. ஆனால் இப்போது அது யாருடைய மழை? ஜெயித்த நாட்டில் பெய்யும் மழை. ஆறு புரண்டது, குளம் தளும்பியது, குதிரைகள் தூக்கிய காலைக் கீழே வைத்துக் கூத்தடித்தன. வண்டி வாய் ஓயாமல் தான்தான் அப்போதே சொன்னதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று பிற்பகல் ஜெசிந்தா யூனிபார்மைக்கூட மாற்றாமல் மாடியேறி வந்தாள். பலகையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கனவுகண்ட கோட்டை, அவள் டியூட்டியில் இருந்தபோது இன்னொருத்தி கையால் விழுந்திருந்தது. மனசு வாடுமோ என்று கொம்பன் பயந்தான். அவளோ அறைக் கதவைத் தட்டி, தூங்கிக்கொண்டிருந்த நூர்ஜகானை எழுப்பி, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, புடிச்சிட்டோம்க்கா."

"புடிச்சாச்சுடி, தூங்க விடு" என்று நூர்ஜகான் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். ஜெசிந்தா போனை எடுத்து, டியூட்டியிலிருந்த தாமரைக்கும் அதே சொல்லைச் சொன்னாள். மறுமுனையில் தாமரை வார்டு என்பதையும் மறந்து சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது.

கோட்டைக்குள் அண்ணனும் தங்கையும் தும்பிக்கை கோத்து நின்றார்கள். கொம்பனுக்குத் தங்கை முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"கோவிச்சுக்காதே செம்பி. முன்னாலயே வந்திருக்கணும். தினமும் ஆத்தங்கரை வரைக்கும் வருவேன், உடனே திரும்பிப் போயிடுவேன். நீ பாத்துப் பாத்து நொந்து போயிருப்பே."

"திரும்பிப் போனியா? எனக்கு அப்படித் தெரியலையே. இங்கேருந்து நான் பாத்ததெல்லாம் பாலத்தை மட்டும்தான். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டை கிட்ட வந்துச்சு. அண்ணன் வந்துக்கிட்டே இருக்கான்னு நினைச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"நடுவுல சில நாள் மட்டும் நீ வரவே இல்லை. அப்போ எங்கே போயிருந்தே அண்ணா?"