ஒரு பிடி மெத்தியோனின்

சென்னியப்பனின் கறிக்கோழிகள் வெளுத்துக்கொண்டே வந்தன. கொண்டையில் சிவப்பில்லை, காலில் பலமில்லை. ஷெட்டைத் திறக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. போன தடவை பாதிக்கு மேல் செத்துப்போயின. இந்தத் தடவையும் இப்படியே போனால், ஷெட்டைப் பூட்டிவிட்டுப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டாள் மனைவி.

தீவனம் கலக்கக் கற்றுக்கொடுத்தவர் கால்நடை டாக்டர் மெஹருன்னிசா. மகள் வயதுதான். ஆனாலும் டாக்டர் சொல்லுக்குச் சென்னியப்பனிடம் மறுபேச்சு கிடையாது. போனில் சொல்ல மனம் வராமல், தானே போய் அழைத்து வந்தார்.

டாக்டர் ஒரு கோழியின் இறக்கையை விரித்து ரத்தம் எடுத்தார். தண்ணீராக இருந்தது.

"சத்துப் பத்தலைங்களா? மெத்தியோனின் சத்துப்பொடி இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா?"

டாக்டர், தினமும் கலப்பதுபோல் இப்போது கலந்து காட்டச் சொன்னார்.

எடை போடுவதில் சென்னியப்பனை யாரும் குறை சொல்ல முடியாது. முள் நடுவில் நிற்கும்வரை மூச்சுகூட விடமாட்டார். அந்த வெள்ளைப் பொடியை டாக்டர் சொன்ன அளவுக்கு நிறுத்துத் தீவனத்தில் கொட்டினார். அப்புறம் கை தானாகப் பொடிப் பைக்குள் போய், இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டது.

"அது என்னங்கண்ணா?"

"கொசுறுங்க."

பல வருஷம் சந்தையில் காய் விற்ற கை. வெறும் எடையோடு யாரையும் அனுப்பியதில்லை, ஒரு கொத்துக் கறிவேப்பிலையாவது சேர்ந்து போகும். வாயில்லாத ஜீவனிடமா கணக்குப் பார்ப்பார்?

டாக்டர் அதே கோழியை மறுபடி பிடித்து வரச் சொன்னார். சோதனைக்கு இன்னும் கொஞ்சம் வேண்டுமாக்கும் என்று சென்னியப்பன் மடியில் அணைத்துக் காட்டினார். ஊசி இறங்கியது. குழாயில் ரத்தம் அளவுக் கோடுவரை ஏறியது. டாக்டர் நிறுத்தவில்லை. கோழியின் தலை தொய்ந்தது.

"கோடு தாண்டிருச்சுங்க."

"தெரியுதுங்கண்ணா. கொசுறு."

அதுவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத சென்னியப்பன், டாக்டரின் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"ரத்தத்துல போயி யாராச்சும் கொசுறு எடுப்பாங்களா?"

டாக்டர் ஊசியை உருவினார். இறக்கைக்கு அடியில் பஞ்சை வைத்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திக்கொண்டிருந்தார்.

"மெத்தியோனின் அளவு தாண்டுனா ரத்தத்தை அழிச்சிரும். நீங்க எடுக்கறீங்களேண்ணா," என்றார். "ஒவ்வொரு பிடிக்கும்."