மாதுளைத் தோலும் மூன்று துக்கக்காரர்களும்

வாழைக்கோம்பை சந்தை முக்கில் பொன்னுரங்கமும் அவன் பங்காளிகள் மேகநாதனும் சடையப்பனும் ஜூஸ் கடை போட்டிருந்தார்கள். சொன்ன சொல்லை அப்படியே செய்வதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

பொன்னுரங்கத்துக்குக் குதிகாலில் ஒரு புண், ஆறுவேனா என்றது. அடுத்த மாதம் கல்யாணம். நொண்டிக்கொண்டே எப்படி மணவறையைச் சுற்றுவது என்று அவனுக்கு ஒரே கவலை.

ஒருநாள் மாதுளை ஜூஸ் குடிக்க வந்த கல்லூரி டீச்சர் தமயந்தி, "தோலைக் குப்பையில போடாதீங்கண்ணே. அதோட சாறு புண்ணுல வர்ற கிருமியைக் கொல்லுதான்னு லேப்ல சோதிக்கணும். நிழல்ல காயவெச்சு, இடிச்சு, நல்லா சலிச்சுக் கொண்டாங்க" என்றாள்.

பொன்னுரங்கம் பூரித்துப்போனான்.

"யார் நிழல்ல?" என்றான் மேகநாதன்.

"புண்ணு யாருக்கோ அவன் நிழல்லதான்" என்றான் சடையப்பன்.

மொட்டை வெயிலில் பொன்னுரங்கத்தை நிறுத்தி, அவன் நிழலில் தோலைப் பரப்பினார்கள். நிழல் நகர நகரத் தோலும் நகர்ந்தது. உச்சிவேளையில் நிழல் காலடியில் சுருண்டுவிட்டது.

"கையை விரிடா, தோலுக்கு இடம் பத்தலை!"

விரித்தான். தலை சுற்றியது. கல்யாணத்தை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

காய்ந்ததை இடித்துப் பொடியை நடுவில் வைத்து, மூவரும் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"உனக்குச் சலிச்சுதா?"

"பாதி சலிச்சிருக்கு."

"எனக்கு இடிக்கும்போதே சலிச்சுப்போச்சு."

"நல்லா சலிக்கணும்னாங்க. பேசாம இரு."

மூவருக்கும் நன்றாகச் சலித்த பிறகே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டீச்சர் பொடியைப் பார்த்தாள். சல்லடையைத் தேடினாள்.

சில நாள் கழித்துக் கூப்பிட்டு, கிருமி வளர்த்த இரண்டு கண்ணாடித் தட்டுகளைக் காட்டினாள். வெறும் தண்ணீர் விட்டதில் கிருமி வெள்ளையாகப் படர்ந்திருந்தது. தோல் சாறு விட்டதில் நடுவே பளிச்சென்று ஒரு வட்டம்.

"வட்டத்துக்குள்ள இருந்ததெல்லாம் செத்துப்போச்சுண்ணே!" டீச்சருக்கு வாயெல்லாம் பல். "ஆனா இது மருந்தாக இன்னும் நாளாகும். நீங்க புண்ணை டாக்டர்கிட்டக் காட்டுங்க."

மூவரும் சிரிக்கவில்லை. மேகநாதன் தோள் துண்டை இடுப்பில் கட்டினான்.

"எத்தனை பேர் டீச்சர்?" என்றான் மெதுவாக.

"லட்சக்கணக்குல இருக்கும்."

சடையப்பன் சுவரில் சாய்ந்துவிட்டான். பொன்னுரங்கம் குனிந்து தன் காலைப் பார்த்தான். எல்லாம் தன் ஒரு குதிகாலுக்காக!

வெளியே வந்ததும் மூவரும் நேரே குளத்துக்குப் போய்த் தலை முழுகினார்கள். டாக்டர் கொடுத்த களிம்பில் புண் ஆறத் தொடங்கியது. ஆனாலும் பொன்னுரங்கத்துக்கு மனசு ஆறவில்லை.

மறுவாரம் டீச்சர் லேப் கதவைத் திறந்தால், மூவரும் தண்ணீர் விட்ட கிருமித் தட்டின் முன்னால் கைகட்டி நிற்கிறார்கள். பக்கத்தில் ஒரு ஜாடி மாதுளை ஜூஸ். பொன்னுரங்கம் குனிந்து தட்டிடம் சொல்லிக்கொண்டிருந்தான்:

"போனவங்க போயிட்டாங்க. நீங்களாவது வாயில ஏதாச்சும் போடுங்க. பயப்படாதீங்க, தோலை உரிச்சுட்டுத்தான் பிழிஞ்சோம்."